தகரப் புனலில் அலை பிடித்தவர்

ஜகதீஷ் சந்திர போஸ் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? தாவரங்களுக்கும் உணர்வு உண்டு என்று காட்டிய விஞ்ஞானி. சரியான விடைதான்! முழு மதிப்பெண் போட்டுவிடலாம். ஆனால் விடையில் பாதிதான் இருக்கிறது.

மீதிப் பாதி என்ன தெரியுமா? செடிகளின் பக்கம் திரும்புவதற்கு முன்பே, ரேடியோ அலைகளை அனுப்பவும் பிடிக்கவும் தேவையான கருவிகளைத் தம் கையாலேயே செய்து பார்த்தவர் அவர். ஆன்டெனாவைக் கடையில் வாங்க முடியாத காலம் அது. ஆன்டெனா விற்கும் கடையே உலகில் கிடையாது! தகரம், கந்தகம், சணல், பழைய புத்தகம் இவற்றை வைத்தே அவர் உலகை வியக்க வைத்தார். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள்.

மீனவர் மகனின் நண்பன்

1858-ம் ஆண்டு நவம்பர் 30-ம் தேதி, இன்று வங்கதேசம் என்று தனி நாடாக உள்ள பகுதியில் ஜகதீஷ் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்க அதிகாரி. அக்காலத்தில் அதிகாரிகளின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குத்தான் போவார்கள். அதுதான் கௌரவம் என்று நினைத்தார்கள். பகவான் சந்திரரோ தம் மகனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். தாய்மொழியையும் தம் மக்களையும் முதலில் அறிந்துகொள்ளட்டும் என்பது அவர் எண்ணம்.

அந்தப் பள்ளியில் ஜகதீஷுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தவன் தந்தையின் இஸ்லாமியப் பணியாளரின் மகன். மறுபக்கம் உட்கார்ந்தவன் ஒரு மீனவரின் மகன். பறவைகள், விலங்குகள், நீரில் வாழும் உயிர்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளை வாயைப் பிளந்துகொண்டு கேட்பான் சிறுவன் ஜகதீஷ். இயற்கையின் மேல் ஆர்வம் அங்கேதான் முளைவிட்டது.

பிறகு கொல்கத்தாவில் படிப்பு. அங்கே புனித சேவியர் கல்லூரியில் லாஃபோன் என்ற பாதிரியார் இயற்பியல் ஆசிரியராக இருந்தார். கரும்பலகையோடு நிற்காமல், எதையும் சோதனை செய்து காட்டிப் பாடம் நடத்துவார். ஜகதீஷுக்கு இயற்பியல் பிடித்துப்போனது.

1880-ல் மருத்துவம் படிக்க இங்கிலாந்து சென்றார் போஸ். ஆனால் அடிக்கடி காய்ச்சல் வந்து வாட்டியது. மருத்துவப் படிப்பைத் தொடர முடியவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அறிவியல் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ராலே பிரபு. 1884-ல் பட்டம் பெற்று, மறு ஆண்டு தாயகம் திரும்பினார்.

வாங்காத சம்பளம்

1885-ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் போஸுக்கு இயற்பியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. மகிழ்ச்சிதானே? அங்கேதான் சிக்கல் காத்திருந்தது.

ஒரு கணக்குப் போடுங்கள். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே வேலையைச் செய்யும் இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதாவது 200 ரூபாய். போஸ் தற்காலிகமாக நியமிக்கப்பட்டவர் என்பதால் அதிலும் பாதி. எவ்வளவு ஆயிற்று? வெறும் 100 ரூபாய்! அதே வகுப்பு, அதே பாடம், அதே உழைப்பு. கூலி மட்டும் மூன்றில் ஒன்று.

போஸ் என்ன செய்தார்? கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போகவில்லை. சரி, கிடைத்தவரை லாபம் என்று கை நீட்டி வாங்கிக்கொள்ளவும் இல்லை. ஒரு நாள் தவறாமல் கல்லூரிக்கு வந்து பாடம் நடத்தினார். மாதக் கடைசியில் சம்பளத்தைத் தொட மறுத்தார். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. மூன்று ஆண்டுகள்!

வீட்டில் பணம் கொட்டிக் கிடந்ததா என்றால், அதுவும் இல்லை. நாட்டு மக்களுக்கு உதவ வேண்டும் என்று தந்தை தொடங்கிய தொழில்கள் நஷ்டத்தில் முடிந்து, குடும்பமே கடனில் தத்தளித்த நேரம் அது. 1887-ல் போஸ் திருமணமும் செய்துகொண்டார். மனைவி அபலா போஸுக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அக்காலத்தில் கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்ப்பதில்லை. அதனால் அவர் நம் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தார். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலவில்லை. பிற்காலத்தில் 1919-ல் ஓர் அமைப்பைத் தொடங்கி, பெண் கல்விக்காகப் பள்ளிகளைத் திறந்த பெருமகள் அவர்.

இளம் தம்பதியர் வாடகை குறைவான சந்தர்நகரில் குடியிருந்தார்கள். வேலைக்குப் போக ஹூக்ளி ஆற்றைக் கடக்க வேண்டும். தம் படகைத் தாமே துடுப்புப் போட்டு ஓட்டிச் செல்வார் போஸ். அக்கரையில் இறங்கியதும், அபலா படகைத் திரும்ப ஓட்டி வருவார். இப்படிச் சிக்கனமாக நாட்களைக் கடத்தினார்களே தவிர, போஸ் பணிந்து போகவில்லை.

கடைசியில் இறங்கி வந்தது அரசாங்கம்தான். போஸின் வேலையை நிரந்தரமாக்கி, மூன்று ஆண்டுக்கும் சேர்த்து முழுச் சம்பளத்தையும் மொத்தமாகக் கொடுத்தது. அந்தப் பணத்தைப் போஸ் தந்தையின் கடனை அடைக்கவே செலவிட்டார்.

குட்டி அலை, குட்டி ஆன்டெனா

இப்போது கொஞ்சம் அறிவியல். கவனமாகக் கேளுங்கள்.

ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகள் உண்டு என்பதை 1888 வாக்கில் சோதனை மூலம் காட்டினார். அவரது ஆன்டெனாவும் வீட்டில் செய்யக்கூடிய எளிய பொருள்தான். அலையை அனுப்ப, நடுவே சிறு இடைவெளி விட்ட இரண்டு உலோகக் கம்பிகள். அலையைப் பிடிக்க, வளைத்த கம்பி வளையம் ஒன்று. அனுப்பும் பக்கம் தீப்பொறி பறந்தால், தள்ளி இருக்கும் வளையத்தின் இடைவெளியிலும் சின்னஞ்சிறு தீப்பொறி தோன்றும். 1894 ஜனவரி 1-ம் தேதி, தம் 36-வது வயதிலேயே ஹெர்ட்ஸ் இறந்துபோனார்.

ஹெர்ட்ஸின் பணிகளைப் பற்றி இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் ஆற்றிய உரை அந்த ஆண்டு அச்சில் வந்தது. அதைப் போஸ் படித்தார். அதே ஆண்டு நவம்பர் 30-ம் தேதி போஸுக்கு 36-வது பிறந்த நாள். இனி என் வாழ்நாள் ஆராய்ச்சிக்கே என்று அன்று அவர் உறுதி எடுத்துக்கொண்டார்.

ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைகள் பெரியவை. அலைநீளம் அரை மீட்டருக்கும் மேல். குளத்தில் கல் எறிந்தால் வளையம் வளையமாக அலை வருமே, ஒரு வளையத்தின் மேட்டிலிருந்து அடுத்த வளையத்தின் மேடு வரை உள்ள தூரம்தான் அலைநீளம். அலை பெரிதானால் அதைப் பிடிக்கும் ஆன்டெனாவும் பெரிதாக வேண்டும். அதைத் திருப்பிவிடும் கண்ணாடியும் வளைக்கும் பட்டகமும் பெரிதாக வேண்டும்.

போஸ் யோசித்தார். அலையைச் சிறியதாக்கிவிட்டால்? எல்லாக் கருவிகளும் ஒரு மேஜைமேல் அடங்கிவிடுமே! 5 மில்லிமீட்டர் அளவுக்கு அலையைச் சுருக்கினார். உங்கள் சுண்டுவிரல் நகத்தின் அகலத்தைவிடக் குறைவு. அந்த அலை ஒரு நொடிக்கு 6,000 கோடி முறை துடிக்கிறது. அன்றைக்கு உலகில் வேறு எவரும் இவ்வளவு சிறிய ரேடியோ அலையை வைத்துக்கொண்டு இத்தனை சோதனைகள் செய்ததில்லை.

தகரக் கொல்லரும் பேராசிரியரும்

சோதனை செய்ய ஆய்வகம் வேண்டுமே? கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது 24 சதுர அடி அறை. ஆறடி நீளம், நான்கடி அகலம் என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்து பாருங்கள். ஒரு கட்டில் போட்டால் முடிந்தது! பணமும் கிடைக்கவில்லை. தம் கைப்பணத்தைப் போட்டு, ஒரு தகரக் கொல்லரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அந்தத் தொழிலாளிக்கு விஞ்ஞானக் கருவி செய்து பழக்கமில்லை. பேராசிரியர் வரைந்து காட்ட, அவர் வெட்டி, வளைத்து, பற்ற வைக்க, கருவிகள் ஒவ்வொன்றாக உருவாயின.

அலையைப் பிடிக்க என்ன செய்தார் தெரியுமா? நம் அடுக்களையில் எண்ணெய் ஊற்ற ஒரு புனல் இருக்கிறதல்லவா? அதன் வாய் வட்டமாக இருக்கும். போஸ் செய்தது சதுர வாய் கொண்ட உலோகப் புனல். அகன்ற வாயில் வந்து விழும் அலைகள் எல்லாம் குறுகிய முனைக்கு வந்து சேரும். அங்கே அலையை உணரும் கருவி இருக்கும். கோயில் திருவிழாவில் கட்டுகிறார்களே, கூம்பு ஒலிபெருக்கி, அது சத்தத்தை ஒரே திசையில் அனுப்புகிறது. இந்தப் புனலோ ஒரே திசையிலிருந்து வரும் அலையைத் திரட்டித் தருகிறது. இதைத்தான் இன்று கூம்பு ஆன்டெனா என்கிறார்கள்.

அலையை உணர, மெல்லிய எஃகுச் சுருள்வில்களை வரிசையாக அடுக்கினார். அலை பட்டதும் அவற்றின் வழியே மின்சாரம் எளிதாகப் பாயும். அதைக் காட்டும் கருவியின் முள் அசையும். ஒளியைக் குவிக்கக் கண்ணாடி வில்லை உண்டல்லவா? ரேடியோ அலையைக் குவிக்கக் கந்தகத்தில் வில்லை செய்தார்.

இன்னொன்றைக் கேட்டால் சிரிப்பீர்கள். ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்து, பக்கங்களுக்கு நடுவே வெள்ளீயத் தகடுகளைச் செருகினார். அதுவும் ஒரு விஞ்ஞானக் கருவி! எப்படி? ஜன்னலின் நெட்டுக் கம்பிகளுக்கு நடுவே ஒரு கயிற்றை நுழைத்து, மறுமுனையை வெளியே கட்டுங்கள். கயிற்றை மேலும் கீழுமாக ஆட்டினால் அலை கம்பிகளைத் தாண்டிப் போகும். பக்கவாட்டில் ஆட்டினால் கம்பியில் இடித்து நின்றுவிடும். அதுபோலவே, அந்தப் புத்தகம் ஒரு திசையில் ஆடும் அலையைத் தடுத்து, மற்ற திசையில் ஆடும் அலையை மட்டும் வெளியே விட்டது. முறுக்கிய சணல் கற்றையை வைத்தும் அலை ஆடும் திசையைத் திருப்பிக் காட்டினார் போஸ்.

மணி அடித்தது, வெடி வெடித்தது

1895-ல் கொல்கத்தாவில் மக்கள் முன் போஸ் ஒரு சோதனை செய்து காட்டினார். இதற்காக இருபது அடிக் கம்பங்களின் உச்சியில் வட்டமான உலோகத் தகடுகளைப் பொருத்தினார். ஒன்று அனுப்பும் கருவிக்கு, மற்றொன்று பெறும் கருவிக்கு. இரண்டுக்கும் நடுவே 75 அடி தூரம், குறுக்கே சுவர்கள். கம்பி இணைப்பு எதுவும் இல்லை. இங்கே தீப்பொறி பறந்ததும், அங்கே மணி அடித்தது. வெடிமருந்தும் வெடித்தது. கூட்டம் எப்படித் திகைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

அடுத்த ஆண்டு லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் தந்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளை வைத்துச் சொற்பொழிவாற்றினார். கொல்கத்தாத் தகரக் கொல்லரின் கைவண்ணத்தை ஐரோப்பிய விஞ்ஞானிகள் கண்டு வியந்தார்கள்.

விற்பதா, கொடுப்பதா?

அதே காலத்தில் இத்தாலி இளைஞர் மார்க்கோனியும் தம் தந்தையின் வீட்டில் ஆன்டெனா கட்டிச் சோதனை செய்துகொண்டிருந்தார். அவர் நோக்கம் வேறு. வெகு தூரத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டும், அதைத் தொழிலாக வளர்க்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அதில் வெற்றியும் பெற்றார். 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சமிக்ஞையைக் கேட்டதாக அறிவித்தார். அந்தச் சோதனையில் அவர் பயன்படுத்திய பாதரசக் கருவி, 1899-ல் போஸ் எழுதி வெளியிட்ட கருவியின் மாதிரியிலேயே இருந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். 1909-ல் மார்க்கோனிக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

போஸ் ஏன் காப்புரிமை வாங்கவில்லை? வாங்கச் சொல்லிப் பலர் வற்புறுத்தினார்கள். 1901-ல் லண்டனில் தந்தி நிறுவன முதலாளி ஒருவர் வந்து, கூட்டாகப் பணம் சம்பாதிக்கலாம் என்று ஆசை காட்டினார். போஸ் மறுத்துவிட்டார். அறிவு எல்லோருக்கும் பொது, அதை விலை பேசக்கூடாது என்பது அவர் கொள்கை.

சகோதரி நிவேதிதாவைத் தெரியுமல்லவா? நம் பாரதியார் தம் குருவாக ஏற்றுக்கொண்டவர். அவரும் சாரா புல் என்ற அமெரிக்க அம்மையாரும் விடாமல் வற்புறுத்தியதால், அலையை உணரும் படிகக் கருவி ஒன்றுக்கு மட்டும் போஸ் விண்ணப்பித்தார். 1904-ல் அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. குறைகடத்தியால் ஆன கருவிக்குக் கிடைத்த மிகப் பழைய காப்புரிமைகளில் அது ஒன்று. அதை வைத்தும் அவர் ஒரு காசு சம்பாதிக்கவில்லை.

போஸ் செய்தது சரியா? காப்புரிமை வாங்கியிருந்தால், அந்தப் பணத்தில் நம் நாட்டில் பெரிய ஆய்வகம் கட்டியிருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். எவரும் பயன்படுத்தும்படி திறந்து வைத்ததே பெருமை என்று வேறு சிலர் சொல்வார்கள். உங்கள் வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து பேசிப் பாருங்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பது தெரியும்.

செடியின் பக்கம்

தம் கருவிகள் தொடர்ந்து வேலை செய்தால் மந்தமாவதையும், ஓய்வு கொடுத்தால் மீண்டும் சுறுசுறுப்பாவதையும் போஸ் கவனித்தார். நமக்குக் களைப்பு வருவதுபோல உலோகத்துக்குமா என்ற கேள்வி எழுந்தது. உலோகத்திலிருந்து செடிக்குப் போனார். செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தார். விஞ்ஞானிகள் பலர் அவரை எதிர்த்தார்கள். சம்பள விஷயத்தில் காட்டிய அதே பொறுமையோடு சோதனைகளைத் தொடர்ந்தார். 1920-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

அவர் கதையும் எழுதியிருக்கிறார்! 1896-ல் ஒரு கூந்தல் தைல நிறுவனம் நடத்திய போட்டிக்கு அவர் எழுதிய கதையில், ஒரு புட்டி தைலம் கடலில் விழுந்து புயலையே அடக்கிவிடும். வங்காள மொழியின் முதல் அறிவியல் கதைகளில் அதுவும் ஒன்று.

1917 நவம்பர் 30-ம் தேதி, தம் பிறந்த நாளன்று, கொல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். ஆறடி அறையில் தாம் பட்ட பாடு அடுத்த தலைமுறைக்கு வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ! 1937 நவம்பர் 23-ம் தேதி, இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள கிரிடி நகரில் காலமானார். 79-வது பிறந்த நாளுக்கு ஒரு வாரமே இருந்தது.

மாடியில் இருக்கிறது போஸின் புனல்

அவர் செய்த கருவிகளை இன்றும் கொல்கத்தாவில் அந்த நிலையத்தின் அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வருகிறார்கள். அவை அருங்காட்சியகத்தோடு முடிந்துவிடவில்லை. உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ மாடியில் டி.டி.எச். குடை இருந்தால் அண்ணாந்து பாருங்கள். குடைக்கு முன்னால் ஒரு கம்பியில் சிறு பெட்டி இருக்கும். குடை குவித்துத் தரும் அலையை வாங்கிக்கொள்ள, அதன் வாயில் ஒரு சிறு கூம்பு இருக்கிறது. போஸின் புனலின் பேரப்பிள்ளை அது! வானத்தை ஆராயும் ரேடியோ தொலைநோக்கிகளிலும் இந்தக் கூம்பு உண்டு. அவர் கையாண்ட குட்டி அலைகள், இன்று அதிவேகக் கம்பியில்லாத் தொடர்புக்கு உதவுகின்றன. உலக மின் பொறியாளர் சங்கமான ஐ.இ.இ.இ., 2012-ல் பிரசிடென்சி கல்லூரிச் சோதனைகளை வரலாற்று மைல்கல்லாக அறிவித்துச் சிறப்பித்தது.

நீங்களும் செய்து பாருங்கள்

1. கெட்டி அட்டையைப் புனல்போல் சுருட்டி ஒட்டுங்கள். ரேடியோவை மிகக் குறைந்த சத்தத்தில் வையுங்கள். தள்ளி நின்று புனலின் சிறு முனையைக் காதருகே பிடித்து, அகன்ற வாயை ரேடியோ பக்கம் திருப்புங்கள். பிறகு வேறு பக்கம் திருப்புங்கள். வித்தியாசம் தெரிகிறதா? கூம்பு செய்யும் வேலை இதுதான்.

2. பேட்டரியில் ஓடும் எஃப்.எம். ரேடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு உறையிட்ட செம்புக் கம்பியை வெட்டி, ஒரு முனையில் உறையைச் சீவி, ரேடியோவின் ஆன்டெனாவை மடக்கி வைத்துவிட்டு அதன் நுனியில் சுற்றுங்கள். கம்பியைச் செங்குத்தாகவும் படுக்கையாகவும் பிடித்து, இரைச்சல் எப்போது குறைகிறது என்று நோட்டில் குறித்து வையுங்கள். இதுதான் நீங்கள் செய்த முதல் ஆன்டெனா!

எச்சரிக்கை: பெரியவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கம்பியை மின்சாரப் பிளக் பக்கமோ, மின்கம்பிகள் அருகிலோ கொண்டுபோகாதீர்கள். இடி மின்னல் நேரத்தில் மாடிக்குப் போகவே கூடாது.

கருவி இல்லை, இடம் இல்லை, பணம் இல்லை என்று சொல்லத் தோன்றும்போதெல்லாம், ஆறடிக்கு நான்கடி அறையையும், அந்தத் தகரப் புனலையும் நினைத்துக்கொள்ளுங்கள் செல்வங்களே. உழைப்புக்கு உரிய மதிப்பைக் குறைத்துக் கொடுத்தால் வாங்காத நெஞ்சுறுதியையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.